கருவில் இடமும் வலமும்

மனித உடலை வெளியிலிருந்து நோக்குவோர், நடுவே ஒரு கோடு கிழித்தால் அதனை இரு சம பாகங்களாகப் பிரித்துவிடலாம் என்றே எண்ணுவர். கண், காது, கை, கால் யாவும் இணை இணையாக அமைந்துள்ளன. ஆனால் தோலுக்கு உள்ளே இந்தச் சமநிலை இல்லை. இருதயத்தின் முனை இடப்புறம் சாய்ந்திருக்கிறது. கல்லீரலின் பெரும் பகுதி வலப்புறத்திலும், இரைப்பையும் மண்ணீரலும் இடப்புறத்திலும் உள்ளன. வலது நுரையீரலுக்கு மூன்று மடல்கள். இடது நுரையீரலுக்கு இரண்டே. குடல் ஒரு குறிப்பிட்ட திசையில் சுழன்று மடிந்து, குடல்வாலை வலப்புற அடிவயிற்றில் கொண்டு சேர்க்கிறது. ஏறக்குறைய பதினாயிரம் பேரில் ஒருவர் தவிர, மற்ற அனைவரிடமும் இந்த அமைப்பு மாறாமல் காணப்படுகிறது.

இவ்வளவு ஒழுங்காக இடமும் வலமும் வேறுபடுவது எப்படி? கரு தோன்றிய முதல் இரு வாரங்களில் இந்த வேறுபாட்டின் அடையாளம் எதுவும் தெரிவதில்லை. மூன்றாம் வாரத்தில், அதாவது தாய் தான் கருவுற்றிருப்பதை உறுதியாக அறியாத நாட்களிலேயே, அது தீர்மானிக்கப்பட்டுவிடுகிறது. இருதயம் அப்போது நடுக்கோட்டில் அமைந்த ஒரு நேரான குழாயாக உருவாகி, பின்னர் வலப்புறமாக வளையத் தொடங்குகிறது. உடலின் சமச்சீர் முதன்முதலில் கண்ணுக்குத் தெரியும்படி குலைவது இங்கேதான். ஆயினும் எப்பக்கம் வளைய வேண்டும் என்ற ஆணை அதற்கு முன்பே பிறந்துவிட்டது.

இடப்புறம் என்பது எது?

இந்த வினா தோற்றத்தைவிடக் கடினமானது. கருவில் தலை-வால் என்னும் அச்சு ஒன்று. முதுகு-வயிறு என்னும் அச்சு மற்றொன்று. இவ்விரண்டும் அமைந்தபின் மூன்றாவது அச்சுக்கான இடம் தானே கிடைத்துவிடுகிறது. ஆனால் அதன் இரு முனைகளில் எது இடம், எது வலம் என்பது அதனால் தெளிவாவதில்லை. கிழக்கு நோக்கி நிற்பவனுக்கு வலக்கைப்புறம் தெற்கு என்கிறோம். தட்சிணம் என்ற சொல்லே வலப்புறத்தையும் தெற்கையும் ஒருங்கே குறிப்பது. ஆனால் நம் கையைக் கொண்டு தெற்கைக் காட்டுகிறோமேயன்றி, வலக்கை எது என்பதை முன்னரே அறிந்திருக்கிறோம். கருவுக்கு அத்தகைய முன்னறிவு கிடையாது. கருப்பையின் உட்புறத்தில் அதற்கு வழிகாட்டும் வெளி அடையாளமும் இல்லை.

1990-ஆம் ஆண்டில் நைஜல் பிரவுன், லூயிஸ் வோல்பர்ட் என்னும் இரு விஞ்ஞானிகள் இதற்குக் கருத்தளவில் ஒரு விடை கூறினர். மரையாணி ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதனை எப்படித் திருப்பிப் பிடித்தாலும் மரையின் திசை மாறுவதில்லை. வலஞ்சுழி வலஞ்சுழியாகவே இருக்கும். உயிரணுவில் இவ்வாறு தன்னளவிலேயே கைப்பக்கம் உடைய ஒரு மூலக்கூறு இருந்து, அது தலை-வால் அச்சையும் முதுகு-வயிற்று அச்சையும் ஒட்டி நிலைநிறுத்தப்படுமானால், அதன் மூன்றாவது முனை எப்போதும் ஒரே பக்கத்தைக் காட்டும். அந்த மூலக்கூறு எது என்பதை அவர்கள் கூறவில்லை. ஆனால் அதற்கான துப்பு, கருவியலுக்குச் சற்றும் தொடர்பில்லாததாகத் தோன்றிய ஒரு மருத்துவக் குறிப்பில் ஏற்கெனவே கிடைத்திருந்தது.

இருமலும் இடம் மாறிய இருதயமும்

உள்ளுறுப்புகள் அனைத்தும் கண்ணாடியில் தெரியும் பிம்பத்தைப்போல் இடம்வலம் மாறி அமைந்த ஒருவரின் உடலை லண்டனில் மாத்யூ பெய்லி 1788-ஆம் ஆண்டில் விவரித்தார். அத்தகையோர் பெரும்பாலும் எந்த இடையூறும் இன்றி வாழ்வதால், இது நெடுங்காலம் ஒரு விந்தையாகவே கருதப்பட்டது. 1933-ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்து நாட்டு மருத்துவர் மானெஸ் கார்ட்டாகெனர் இவ்விந்தையை இரு நோய்களுடன் இணைத்துக் காட்டினார். இடம் மாறிய உறுப்புகளைக் கொண்ட சிலருக்கு நாட்பட்ட சைனஸ் அழற்சியும், நுரையீரலின் மூச்சுக்கிளைக் குழாய்கள் விரிந்து சீழ்கட்டும் நோயும் சேர்ந்தே இருந்தன. நெஞ்சுச் சளிக்கும் இருதயம் இருக்கும் பக்கத்துக்கும் என்ன உறவு என்பது நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக விளங்கவில்லை.

1976-ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு உயிரியல் ஆராய்ச்சியாளர் பியோர்ன் அஃப்சேலியஸ் இப்புதிரை அவிழ்த்தார். அவர் ஆராய்ந்தது மூச்சுக் குழாயை மட்டுமன்று. அசைவற்ற விந்தணுக்களைக் கொண்டிருந்ததால் மகப்பேறு இல்லாதிருந்த சில ஆடவரின் விந்தணுவையும் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் நோக்கினார். விந்தணுவின் வாலும், மூச்சுப்பாதையின் உட்சுவரில் சளியை மேல்நோக்கித் துடைத்துத் தள்ளும் சிலியா எனப்படும் குறுயிழைகளும் ஒரே மாதிரியான உள்ளமைப்பு உடையவை. நுண்குழல்கள் வட்டமாக அடுக்கப்பட்டு, அவற்றின்மேல் டைனீன் என்னும் புரதத்தால் ஆன சிறு கரங்கள் பொருந்தியிருக்கும். இக்கரங்கள் அடுத்த குழலைப் பற்றி இழுப்பதாலேயே இழை அசைகிறது. இந்த ஆடவரிடம் அந்தக் கரங்களே இல்லை. விந்தணு நீந்தவில்லை, சளி வெளியேறவில்லை. இரண்டுக்கும் காரணம் ஒன்றே.

அஃப்சேலியஸ் இத்துடன் நிற்கவில்லை. கருவிலும் குறுயிழைகள் அசைந்தே உறுப்புகளின் பக்கத்தைத் தீர்மானிக்க வேண்டும். அவை அசையாவிட்டால் உறுப்புகள் எப்பக்கம் அமையும் என்பது தற்செயலுக்கு விடப்படும் என்று அவர் கருதினார். இக்கருத்தின் நுட்பம் கவனத்துக்குரியது. குறுயிழை பழுதுற்றால் உடல் தலைகீழாகிவிடும் என்று அவர் கூறவில்லை. நாணயத்தைச் சுண்டிவிட்டதுபோல் ஆகிவிடும் என்றார். இந்நோய் உடையோரில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு மட்டுமே உறுப்புகள் இடம் மாறியிருப்பது அதனோடு பொருந்துகிறது. எலியிலும் இவ்வாறே. 1959-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் விவரிக்கப்பட்ட ஒருவகைச் சுண்டெலிகளில், குறைபாடுள்ள மரபணுவை இரு பெற்றோரிடமிருந்தும் பெற்ற குட்டிகளில் பாதி வழக்கமான அமைப்புடனும் பாதி மாறிய அமைப்புடனும் பிறந்தன. அந்த மரபணு ஒரு டைனீன் புரதத்துக்கு உரியது என்பது 1997-ஆம் ஆண்டில் தெரியவந்தது.

கணுவின் நீரோட்டம்

பாலூட்டிகளின் இளங்கரு தட்டையான இலைபோல, அல்லது சுண்டெலியில் ஒரு சிறு கிண்ணம்போல அமைந்திருக்கும். அதன் நடுக்கோட்டில் கணு எனப்படும் ஒரு சிறு குழி உண்டு. ஒரு மில்லிமீட்டரின் பத்தில் ஒரு பங்குக்கும் மிகாத அகலம் கொண்ட இக்குழியில் திரவம் நிறைந்துள்ளது. அதன் அடித்தளத்தில் உள்ள இருநூறு முந்நூறு உயிரணுக்கள் ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு குறுயிழை நீண்டிருக்கிறது. மூச்சுக்குழாய் இழைகளின் நடுவே காணப்படும் இரு மையக் குழல்கள் இவற்றில் இல்லாததால், இவை அசையாதவை என்றே பலரும் எண்ணியிருந்தனர்.

1998-ஆம் ஆண்டில் டோக்கியோ பல்கலைக்கழகத்தில் ஹிரோகாவாவின் ஆய்வுக் குழுவினர், நொனாகா என்னும் இளம் ஆராய்ச்சியாளரின் துணையுடன், உயிருள்ள சுண்டெலிக் கருவின் கணுவை நேரடியாக உற்றுநோக்கினர். இழைகள் அசைந்தன. அதுவும் மூச்சுக்குழாயில் காண்பதுபோல் முன்னும் பின்னும் அடிப்பதாக அன்றி, நிமிடத்துக்கு ஏறத்தாழ 600 முறை வலஞ்சுழியாகச் சுழன்றன. திரவத்தில் கலந்த நுண்ணிய மணிகள் கணுவின் வலப்புறத்திலிருந்து இடப்புறம் நோக்கி மிதந்து சென்றன. இழைகளே உருவாகாதபடி மரபணு நீக்கப்பட்ட கருக்களில் இந்த நீரோட்டம் இல்லை. அவற்றின் இருதயக் குழாய் சிலவற்றில் வலமாகவும் சிலவற்றில் இடமாகவும் வளைந்தது.

வட்டமாகச் சுழலும் ஒன்று ஒரே திசையில் நீரை எவ்வாறு தள்ளும் என்ற ஐயம் இங்கு எழுவது இயல்பே. கலக்கும் கரண்டி பாத்திரத்தில் சுழலை உண்டாக்குமே தவிர ஓட்டத்தை உண்டாக்காது. விடை இழையின் சாய்வில் உள்ளது. ஒவ்வோர் இழையும் நிமிர்ந்து நில்லாமல் கருவின் வால்பக்கம் நோக்கிச் சாய்ந்தே சுழல்கிறது. சாய்ந்த பம்பரத்தை நினைவுகொள்வோம். அதன் சுற்றில் ஒரு பாதியில் இழை தரையை ஒட்டிச் செல்கிறது. மறுபாதியில் நிமிர்ந்து திரவத்தின் நடுவே செல்கிறது. தரையை ஒட்டிய திரவத்தைத் தரையே பற்றிக்கொள்வதால் அந்தப் பாதியில் தள்ளப்படுவது சிறிது. நிமிர்ந்து வரும் பாதியில் தள்ளப்படுவது அதிகம். சுழற்சி வலஞ்சுழி, சாய்வு வால்நோக்கி என்று இரண்டும் சேரும்போது, நிமிர்ந்த வீச்சு எப்போதும் கருவின் இடப்புறம் நோக்கியே அமைகிறது.

பிரவுனும் வோல்பர்ட்டும் வேண்டிய கைப்பக்கம் இதுவே எனலாம். சுழற்சியின் திசை டைனீன் கரங்கள் நுண்குழல்களின் மேல் ஒரே போக்கில் பொருத்தப்பட்டிருப்பதால் விளைவது. அது புரதங்களின் வடிவிலேயே அடங்கியது. கணு கருவின் எந்தத் தளத்தில் திறந்துள்ளது என்பது முதுகு-வயிற்று அச்சைச் சார்ந்தது. இழையின் வேர் உயிரணுவின் நடுவிலிருந்து வால்பக்கமாக நகர்ந்து நிற்பதால் சாய்வு உண்டாகிறது. அது தலை-வால் அச்சைச் சார்ந்தது. இவ்வாறு ஏற்கெனவே உள்ள இரு அச்சுகளும் ஒரு புரதத்தின் வடிவமும் கூடி மூன்றாவது அச்சுக்குத் திசை தருகின்றன. கருவியலில் இத்துணைத் தெளிவாக ஒரு மூலக்கூறின் வடிவத்திலிருந்து உடலின் வடிவம் வரை தொடர்ந்து செல்லக்கூடிய சங்கிலிகள் மிகச் சிலவே.

நீரோட்டம் காரணமா, அல்லது வேறொன்றின் உடன்விளைவா? 2002-ஆம் ஆண்டில் நொனாகாவும் ஒசாகாவைச் சேர்ந்த ஹமாடாவும் இதனைச் சோதித்த முறை எளிமையும் துணிவும் வாய்ந்தது. சுண்டெலிக் கருக்களை ஒரு சிறு கலத்தில் பொருத்தி, கணுவின்மேல் நீரிறைக்கும் கருவி ஒன்றால் செயற்கை ஓட்டத்தைச் செலுத்தினர். இயல்பான ஓட்டத்தை மீறும் வேகத்தில் வலப்புறம் நோக்கிச் செலுத்தியபோது, நலமான கருக்களின் அமைப்பே தலைகீழாயிற்று. இழைகள் அசையாத கருக்களிலோ, தற்செயலுக்கு விடப்பட்டிருந்த முடிவை ஆராய்ச்சியாளர் தாமே தேர்ந்தெடுக்க முடிந்தது: இடப்புறம் ஓட்டினால் வழக்கமான அமைப்பு, வலப்புறம் ஓட்டினால் மாறிய அமைப்பு. ஆனால் காலம் கடந்து செலுத்திய ஓட்டத்துக்குப் பயனில்லை. ஹமாடாவின் குழு 2012-ஆம் ஆண்டில் வெளியிட்ட மற்றோர் ஆய்வு, இருநூறுக்கும் மேற்பட்ட இழைகளில் இரண்டே இரண்டு சுழன்றாலும் போதும் என்று காட்டியது. இவ்வளவு மெல்லிய ஓட்டத்தைக் கரு எவ்வாறு உணர்கிறது?

ஓட்டத்தை உணர்தல்

இதுபற்றி நெடுநாள் இருவேறு கருத்துகள் நிலவின. ஓட்டம் ஏதோ ஒரு வேதிப்பொருளை இடப்புறம் அடித்துச் சென்று குவிக்கிறது என்பது ஒன்று. ஓட்டத்தின் தள்ளுவிசையையே உயிரணுக்கள் உணர்கின்றன என்பது மற்றொன்று. கணுவின் விளிம்பில் உள்ள உயிரணுக்களிலும் குறுயிழைகள் உண்டு; அவை சுழல்வதில்லை. ஆனால் அவற்றில், மனிதரில் சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகளை உண்டாக்கும் பரம்பரை நோயுடன் தொடர்புடைய, கால்சியம் செல்லும் வழியாக அமைந்த ஒரு புரதம் இருப்பது தெரியவந்தது. அது இல்லாத சுண்டெலிகளில் இடவல வேறுபாடு குழம்பியது. 2023-ஆம் ஆண்டில் ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் லேசர் ஒளிக் கற்றையைக் கிடுக்கிபோல் பயன்படுத்தி அத்தகைய ஒற்றை இழையை வளைத்து, அதனால் உயிரணுவில் கால்சியம் எழுவதைக் கண்டனர். இடப்புற விளிம்பில் ஓட்டம் இழையை ஒரு திசையிலும் வலப்புற விளிம்பில் எதிர்த்திசையிலும் வளைக்கிறது; ஒரு திசை வளைவுக்கே இழை மறுமொழி தருகிறது. சுழலும் இழைகள் ஓட்டத்தை ஆக்குகின்றன. சுழலாத இழைகள் அதனை அளக்கின்றன என்ற கருத்து இதனால் வலுப்பெற்றது.

அதன்பின் நிகழ்வன மரபணுக்களின் செயல்கள். இடப்புற விளிம்பில் ஒரு தடைப்பொருள் குறைகிறது; அதனால் தடுத்து வைக்கப்பட்டிருந்த நோடல் என்னும் சைகைப் புரதம் இடப்புறத்தில் மட்டும் ஓங்குகிறது. நோடல் தன்னையே பெருக்கிக்கொள்ளும் தன்மையது. ஆகவே தொடக்கத்தில் இருந்த சிறு வேற்றுமை விரைவில் ஐயத்துக்கிடமற்ற வேற்றுமை ஆகிறது. அது தன் தடைப்பொருளான லெஃப்டியையும் உடனே தூண்டிவிடுகிறது. லெஃப்டி நடுக்கோட்டில் அணைபோல் நின்று, இடப்புறச் செய்தி வலப்புறம் கசியாமல் காக்கிறது. இந்த அணை உடைந்த சுண்டெலிகளில் வலப்புறமும் இடப்புறமாகவே உருவாகிறது. நோடல் சில மணி நேரமே நீடித்து மறைந்தபின், அது ஏற்றிவைத்த பிட்டெக்ஸ்-2 என்னும் மரபணு இருதயம், நுரையீரல், குடல் ஆகியவற்றில் நெடுநேரம் செயற்பட்டு ஒவ்வோர் உறுப்பிலும் இடப்பக்கத்துக்குரிய வளர்ச்சியை நடத்துகிறது.

எல்லாப் பாலூட்டிகளும் இந்த நீரோட்டத்தை நம்பியிருப்பதில்லை. பன்றியின் கணுவில் சுழலும் இழைகள் இல்லை. கோழிக்குஞ்சின் கருவிலும் இல்லை. அங்கு கணுவைச் சுற்றியுள்ள உயிரணுக்களே இடப்புறமாக நகர்ந்து சமச்சீரைக் குலைக்கின்றன. எனினும் மீன், தவளை ஆகியவற்றில் சுழலும் இழைகளும் இடப்புற ஓட்டமும் உள்ளன. ஆகவே ஓட்டம் பழமையானது, சில இனங்கள் அதனைப் பின்னர் இழந்துவிட்டன என்று கருதுவதே பொருத்தம். நோடல் இடப்புறம் எழுவது மட்டும் இவை அனைத்துக்கும் பொது. இன்னொரு செய்தி: உறுப்புகள் முழுவதும் இடம் மாறியவர்களில் இடக்கைப் பழக்கம் மற்றவர்களைவிட மிகுதியாக இல்லை. மூளையின் இடவல வேறுபாடு வேறொரு வழியில் பிறக்கிறது என்பதையே இது காட்டுகிறது.

மருத்துவத்தில் இதன் இடம்

முழுமையாக மாறிய அமைப்பைக் காட்டிலும் அரைகுறையாக மாறிய அமைப்பே ஆபத்தானது. எல்லாம் ஒருங்கே மாறினால் உறுப்புகளுக்கிடையே உள்ள உறவு கெடுவதில்லை. ஆனால் இருதயம் ஒரு பக்கத்துக்கும் குடல் மற்றொரு பக்கத்துக்கும் கீழ்ப்படிந்தால், அல்லது உடலின் இரு பாதியும் வலப்புறமாகவே வளர்ந்தால், இரத்தக் குழாய்கள் தவறான அறைகளில் சென்று சேர்கின்றன. பிறவி இருதயக் கோளாறுகளில் மிகக் கடினமானவை சில இவ்வகையைச் சேர்ந்தவை. இரு பாதியும் வலமாக அமைந்த குழந்தைகளுக்கு மண்ணீரல் பெரும்பாலும் இராது. அதனால் சில பாக்டீரியாக்களின் தாக்குதல் அவர்களிடம் விரைவில் உயிருக்கு உலையாகிவிடும். 2017-ஆம் ஆண்டில் சில மாநிலங்களில் தொடங்கி 2021-ஆம் ஆண்டில் நாடெங்கும் பரவிய நியூமோகாக்கஸ் தடுப்பூசி எல்லாக் குழந்தைகளுக்கும் உரியது. இக்குழந்தைகளுக்கோ அது தவறவே கூடாதது. குடல் சரியாகச் சுழலாத குழந்தை பச்சை நிறமாக வாந்தியெடுத்தால் அறுவை மருத்துவரிடம் உடனே அனுப்பப்பட வேண்டும்.

கருத்தரிப்பதற்கு முன்பே தாய்க்கு நீரிழிவு இருந்தால் இத்தகைய குறைபாடுகளின் வாய்ப்பு கூடுகிறது. மூன்றாம் வாரத்திலேயே பக்கங்கள் தீர்மானிக்கப்பட்டுவிடுவதால், கருவுற்றதை அறிந்தபின் சர்க்கரையைக் கட்டுப்படுத்தத் தொடங்குவது இந்தக் குறைபாட்டைப் பொறுத்தவரை காலம் கடந்த செயலாகும். மகப்பேறு நலப் பணியாளர்கள் நீரிழிவுள்ள பெண்களைக் கருத்தரிப்புக்கு முன்னரே அணுக வேண்டியதற்கு இது ஒரு வலுவான காரணம்.

குறுயிழைகள் செயலற்ற நோயோ பெரும்பாலும் பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுதுற்ற மரபணுவைப் பெறும்போது தோன்றுவது. ஐம்பதுக்கும் மேற்பட்ட மரபணுக்கள் இதற்குக் காரணமாகக் கண்டறியப்பட்டுள்ளன. பெற்றோர் இருவரும் அறியாமலே அதே பழுதைத் தாங்கியிருந்தால், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. மாமன் மகள், அத்தை மகன், அக்காள் மகள் என்று உறவில் மணம் முடிக்கும் வழக்கம் உள்ள தென்மாநிலங்களில் இத்தகைய ஒற்றுமை நேர்வது மற்ற இடங்களைவிட எளிது.

2013-ஆம் ஆண்டில் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின்கீழ், பிறந்தது முதல் 18 வயது வரையுள்ளோரிடம் பிறவி இருதயக் கோளாறு உள்ளிட்ட குறைகள் தேடிக் கண்டறியப்படுகின்றன. அப்பரிசோதனையில் இருதயத் துடிப்பு வலப்புற மார்பில் உணரப்படுமானால் அதனை வெறும் விந்தையென்று எழுதிவிட்டு நகர்தல் ஆகாது. பிறந்த சில மணி நேரத்திலேயே மூச்சுத் திணறல் இருந்ததா, ஆண்டு முழுவதும் சளியுடன் கூடிய இருமல் உண்டா, மூக்கு ஒழுகுதல் பிறந்த நாள் முதலே உண்டா, காதில் சீழ் வடிகிறதா என்று தாயிடம் வினவ வேண்டும். எக்ஸ்ரே படத்தில் இடம், வலம் என்னும் குறி பதிக்கப்படாவிட்டால், இருதயம் வலப்புறம் தெரியும் படத்தைத் திருப்பி மாட்டிவிட்டுச் சரியாக இருப்பதாக எண்ணிவிடுவதும் நேரலாம். அத்தகையோருக்குக் குடல்வால் அழற்சி வந்தால் வலி இடப்புற அடிவயிற்றில் தோன்றி மருத்துவரைத் திசைதிருப்பும்.

இந்நோயை முற்றிலும் தீர்க்கும் மருந்து இன்னும் இல்லை. எனினும் நாள்தோறும் சளியை வெளியேற்றும் பயிற்சியும், உரிய வேளையில் நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளும் நுரையீரலை நெடுநாள் காக்கவல்லன. நோய் இன்னதென்று அறியாதபோது, இந்த இருமல் காசநோயாகக் கருதப்பட்டு அதற்கான மருந்துகள் மீண்டும் மீண்டும் தரப்படும் அபாயம் நம் நாட்டில் உண்டு. அதற்குள் மூச்சுக்கிளைக் குழாய்கள் விரிந்துவிடுகின்றன. இடம் மாறிய இருதயம் இக்குழந்தைகளில் பாதிப்பேருக்கு ஒரு நல்ல அறிவிப்பாக அமைகிறது. மறுபாதியினருக்கு நாணயம் வழக்கமான பக்கமே விழுந்துவிட்டபடியால் அந்த அறிவிப்பும் இல்லை. அவர்களைக் கண்டறிய, பிறந்த நாள் முதல் நீங்காத இருமலையும் மூக்கடைப்பையும் கண்டு ஐயுற்று, மூக்கிலிருந்து வெளிவரும் நைட்ரிக் ஆக்சைடின் அளவு, எலக்ட்ரான் நுண்ணோக்கிப் பரிசோதனை, மரபணுப் பரிசோதனை ஆகியவற்றுக்காகப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவதே வழி.